முதல் வளர்ப்பு: கோழியா, வாத்தா?

முட்டைக்காகக் கோழி வளர்க்கப் போகிறேன் என்று நாமக்கல்லில் யாராவது சொன்னால் கேட்பவர் சிரிப்பார். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறும் ஊர் இது. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென்று தனியாக அறிவிக்கும் பண்ணை விலை, செய்தித்தாளில் தங்கம் விலை வருவதுபோல வருகிறது. மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் டன் கணக்கில் வாங்கி அரைப்பவரின் அடக்க விலையை, பத்துக் கிலோ தீவனத்தைச் சில்லறையில் வாங்கும் நீங்கள் ஒருநாளும் எட்ட முடியாது. முயலவும் வேண்டாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கோழியா வாத்தா என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் முட்டை எண்ணிக்கையில்தான் தொடங்குகிறார்கள். காக்கி கேம்பல் வாத்தை நன்றாகப் பராமரித்தால் வருடத்துக்கு 250 முதல் 300 முட்டை வரை இடும். புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழி 60, 70 முட்டை இட்டாலே நல்ல கோழி. வாத்து முட்டை 65, 70 கிராம் தேறும். நாட்டுக்கோழி முட்டை 40 கிராமைச் சுற்றித்தான். இதை மட்டும் பார்த்தால் வாத்துதான் வாங்க வேண்டும். ஆனால் மூன்று வாத்து வைத்தாலே ஆண்டுக்கு எழுநூறு முட்டைக்கு மேல் வரும். அவ்வளவையும் யார் தின்பது? கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துக்கறிக்கும் வாத்து முட்டைக்கும் ஆள் உண்டு. பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பேர் போன நம் பக்கத்தில் வாத்து முட்டையைக் கொண்டுபோனால் கடைக்காரர் யோசிப்பார். தீவனக் கணக்கையும் பாருங்கள். முட்டையிடும் வாத்து ஒன்று நாளைக்கு 150 கிராம் தின்னும். வயலும் குளமும் இல்லாத வீட்டில் அத்தனையும் நீங்கள் போடுவதுதான். வருடத்துக்கு ஒரு வாத்துக்கு 55 கிலோ.

சேலம், நாமக்கல் சமவெளியில் புறக்கடைப் பறவை வளர்ப்பவருக்கு உண்மையில் வேண்டியது வேறு: பிள்ளைகளுக்கு அவ்வப்போது நாட்டுக்கோழி முட்டை, நோம்பிக்கும் விருந்தாளிக்கும் ஒரு சேவல், சளி பிடித்தால் சாறு வைக்க ஒரு வெடக்கோழி, களத்தில் சிந்தும் தானியமும் அடுப்படியில் மிஞ்சுவதும் வீணாகாமல் இருக்க ஒரு வாய். இதற்குத் தன் இரையைத் தானே தேடி, தானே அவயம் (அடை) படுத்து, தன் குஞ்சைத் தானே வளர்க்கும் பறவை போதும். என் தீர்ப்பு இந்த ஒரு காரணத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் பறவை கோழி. அதிலும் சிறுவிடைக் கோழி. வாத்து யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன். அவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

எந்தக் கோழி, எந்தக் கோழி வேண்டாம்

சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஆறு ஏழு மாதத்தில் முட்டைக்குக் கேற ஆரம்பிக்கும். 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அவயத்துக்குப் படுக்கும். 21 நாளில் குஞ்சு. பிறகு இரண்டு இரண்டரை மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். குஞ்சைக் கொத்தித் துரத்திய பிறகு மறுபடி முட்டைக்கு வரும். வருடத்தில் மூன்று, நான்கு ஈடு. நான்கு பெட்டைகள் இருந்தால் ஒன்று கேறும், ஒன்று அவயத்தில் இருக்கும், மற்றவை குஞ்சோடு இருக்கும். முட்டை தினமும் வராது. ஆனால் உங்கள் கூட்டம் தானே புதுப்பித்துக்கொள்ளும். குஞ்சு பொரிக்கும் இயந்திரமோ, குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்போ தேவையில்லை.

பெருவிடை, கட்டுச்சேவல் ரகம் பார்க்கக் கம்பீரம். எடையும் விலையும் அதிகம். முட்டை குறைவு. சேவல்கள் ஒன்றையொன்று பார்த்தாலே ரத்தம் வரும் என்பதால் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ரெண்டாவது வருடம் ஆசைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்பிரியா, நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆகியவை புறக்கடைக்கென்றே உருவாக்கியவை. நாட்டுக்கோழியைவிட முட்டை கூடுதலாக இடும், சீக்கிரம் எடை கட்டும். ஆனால் வனராஜா, கிராமப்பிரியாவை நம்பி அவயம் வைக்க முடியாது. அடுத்த ஈட்டுக் குஞ்சுக்கு மறுபடி பொரிப்பகத்துக்கே போக வேண்டும். இவற்றில் இரண்டு வெடக்கோழிகளை வாங்கி நாட்டுக்கோழியோடு சேர்த்து வைத்தால் முட்டைக்கு முட்டையும் ஆகும், நாட்டுக்கோழி அடைகாத்துக் கொடுக்கவும் செய்யும்.

இந்த மாவட்டத்தில் மட்டும் வரும் ஒரு சபலம் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை வயதில் லேயர் பண்ணைகள் கழிக்கும் வெள்ளைக் கோழி மலிவாகக் கிடைக்கும். நான்கைந்து வாங்கி விட்டால் இன்னும் கொஞ்சநாள் முட்டை இடாதா என்று தோன்றும். இடும். ஆனால் கூண்டிலேயே வளர்ந்த அந்தக் கோழிக்கு மண்ணைக் கிளறத் தெரியாது, மரத்தில் ஏறத் தெரியாது, பருந்தின் நிழலைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. அலகும் வெட்டியிருக்கும். சாக்குப்பையில் வந்த அன்றைக்கே நாய்க்கு இரையானதைப் பார்த்தவர்கள் பலர். அதேபோல் திருவிழாக் கடையில் பச்சையும் ரோஸும் பூசி விற்கும் குஞ்சுகள்: அவை முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆண் குஞ்சுகள். பிள்ளைகள் அழுதாலும் வாங்க வேண்டாம். ரெண்டு நாள் கழித்து இன்னும் அதிகமாக அழுவார்கள்.

கரையான் பானை

தீவனச் செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அம்மாயிகள் காலத்து முறை ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். பழைய மண்பானை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு, மட்டை இவற்றை உள்ளே திணித்துத் தண்ணீர் தெளித்து, வேலியோரம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் நிமிர்த்திக் குஞ்சுகளுக்கு நடுவே கொட்டினால், நீங்கள் பானையைத் தள்ளி வைப்பதற்குள் பாதி தீர்ந்திருக்கும். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் சத்தமே மாறிவிடும். குஞ்சுகளின் முதல் மாதத்துக்கு வேண்டிய புரதம் இதில் வந்துவிடுகிறது. செம்மண் காட்டில் நன்றாகப் பிடிக்கும்; மழைக்காலத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. தென்னை மரத்தடியில் வைக்காதீர்கள், கரையானைத் தென்னைக்கு அழைத்துவிட்டதாக ஆகும்.

மற்றபடி காலையில் கொஞ்சம் கம்பு, சோளம், குருணை. மாலையில் பஞ்சாரத்துக்குத் திரும்பும்போது ஒரு பிடி. மாலைத் தீனிதான் முக்கியம். அது இல்லையென்றால் கோழி கூட்டுக்கு வராமல் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். இங்கே மரவள்ளி அதிகம் என்பதால் ஒரு எச்சரிக்கை: பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் சயனைடு தரும் நச்சு இருக்கிறது. கோழிக்கும் வாத்துக்கும் பச்சையாகப் போடக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

வாத்துக்கு நீந்தக் குளம் கட்டாயமில்லை. பலரும் இதைத் தவறாக நினைத்திருக்கிறார்கள். ஆனால் மூக்குத் துளை வரை அலகை முக்கிக் கழுவும் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூக்கும் கண்ணும் அடைத்துப் புண்ணாகும். உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் இறங்காது. பிசைந்துதான் வைக்க வேண்டும், ஒரு வாய்க்கு ஒரு முறை தண்ணீருக்கு ஓடும். வைத்த தண்ணீர் அரை மணியில் சேறு. கோழி நாளைக்குக் கால் லிட்டர், கோடையில் அரை லிட்டர் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். ஐந்து வாத்துக்கு வாளி வாளியாக மாற்ற வேண்டும். சிந்திய ஈரத்தில் இடம் முழுக்கச் சேறும் ஈயும்.

இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகளின் ஊர் திருச்செங்கோடு. அந்தத் தொழில் அங்கே வளர்ந்ததற்கு அந்த மண்ணின் வறட்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ராசிபுரம், ஓமலூர், சங்ககிரிப் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் இறக்கிவிட்டு சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் வாத்து வேண்டாம்.

காவிரிக் கரைக் கதை வேறு. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாயும் பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கங்களில் வாழையும் வெற்றிலையும் நெல்லும் உண்டு. நெல் அறுத்ததும் ஊர் ஊராக மேய்த்துக்கொண்டு வருபவர்களின் வாத்துக் கூட்டம் தாளில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வாழைத்தோப்பு வைத்திருப்பவர் நான்கு வாத்து வைக்கலாம். சேறான தண்ணீரை வாழைக்கே திருப்பினால் எரு. நத்தையையும் புழுவையும் பொறுக்கும். கோழி மாதிரி பாத்தியைக் கிளறாது. ரெண்டடி உயர வலை கட்டினாலே தாண்டாது. கோழிக்கு ஆறடி கட்டினாலும் போதாது. பெரும்பாலான வாத்துகள் காலை 9 மணிக்குள் இட்டுவிடும் என்பதால் அதுவரை அடைத்து வைத்திருந்தால் முட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த நல்ல குணங்களை எல்லாம் நான் மறுக்கவில்லை. தண்ணீர் இருக்கிறவருக்கு வாத்து நல்ல பறவை.

காக்கி கேம்பல் அடைகாக்காது. அதன் முட்டையைச் சிறுவிடைக் கோழிக்குத்தான் வைக்க வேண்டும். 21 நாளில் எழுந்துவிடாமல் 28 நாள் உட்கார வைக்க வேண்டும். ஆக வாத்து வளர்ப்பவருக்கும் ஒரு கோழி தேவைப்படுகிறது. மஸ்கோவி வாத்து தானே அடைகாக்கும், 35 நாள் ஆகும். முட்டை குறைவு, சத்தமும் குறைவு, தண்ணீரையும் அவ்வளவு கேட்காது. தெரு நெருக்கமான ஊரில் வாத்துதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவருக்கு இதைச் சொல்வேன். சிறகு பலமானது, சுவர் ஏறிவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஜவ்வரிசி ஆலைக் கழிவு ஓடும் பள்ளத்திலும், சாயக்கழிவு கலக்கும் ஓடையிலும் விடாதீர்கள். பங்குனி, சித்திரையில் வற்றிக் குட்டையாகச் சுருங்கும் ஏரியும் ஆபத்து. செத்த மீனும் செடியும் அழுகும் அந்தச் சேற்றில் உண்டாகும் நச்சைத் தின்ற வாத்துக்குக் கழுத்து துவண்டு தொங்கும். காலையில் நன்றாகப் போனது மாலையில் தலை தூக்காது.

கடலைப் புண்ணாக்கு

மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கு வீட்டில் இருக்கும். அதையே வாத்துக்கும் கரைத்து வைப்பார்கள். வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சு. அஃப்ளாடாக்சின் என்று இன்று எல்லோரும் சொல்லும் பொருள் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தீவனத்தில் அது இருக்கிறதா என்று சோதிக்க அந்தக் காலத்தில் வாத்துக் குஞ்சுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய அளவுக்கே அதன் ஈரல் கெட்டுவிடும். கோழி தாங்கும் அளவை வாத்து தாங்காது. நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளையும் இந்தப் பூமியில், ஐப்பசி மழையில் நனைந்த மூட்டை வீட்டு மூலையில் இருந்தால் அதைப் பறவைக்குப் போடாதீர்கள். காயவைத்தால் பூஞ்சை போகும், நச்சு போகாது.

வாத்துக் குஞ்சுக்கு இன்னொன்று: கோழிக் குஞ்சைவிட நியாசின் என்ற உயிர்ச்சத்து அதிகம் தேவை. குறைந்தால் கால் வளைந்து நடக்க மாட்டாது. அரிசித் தவிடு சேர்த்துப் பிசைந்தால் இந்தக் குறை பெரும்பாலும் வராது.

பக்கத்தில் பண்ணை இருந்தால்

வேறெந்த ஊரிலும் இந்தப் பத்தி தேவைப்படாது. 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. அதன் பிறகும் ஆலப்புழை வட்டாரத்தில் அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாமக்கல்லில் பதற்றம், கேரளாவுக்குப் போய்வரும் முட்டை லாரிகளுக்கு மருந்துத் தெளிப்பு. வாத்துக்கு ஒரு குணம் உண்டு: சில வகைக் கிருமிகளை நோய்க்குறி எதுவும் தெரியாமல் உடம்பில் சுமந்து பரப்பும். நீர்ப்பறவைகளோடு ஒரே ஏரியில் மேய்வதும் சேர்ந்துகொள்கிறது. எனவே லேயர் பண்ணைக்கு அருகில் குடியிருப்பவர் வாத்து வைப்பது அக்கம்பக்கத்துக்கு நல்லதல்ல. வீட்டில் யாராவது பண்ணையில் வேலை பார்த்தால் கோழியும் வேண்டாம், வாத்தும் வேண்டாம். செருப்பில் ஒட்டிப்போகும் எச்சமே போதும். பண்ணைக்காரர்கள் வேலைக்காரர் வீட்டில் பறவை வளர்க்கக் கூடாது என்று கேட்பது அதிகாரத் தோரணையில் அல்ல. பல ஆயிரம் கோழி ஒரு வாரத்தில் போகும் தொழில் அது.

ஒரே நாளில் பல பறவைகள் செத்தால் குழியில் போட்டு மூடிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஏரியிலும் எறியாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

நோயும் ஊசியும்

வாத்துக்கு நோய் குறைவு என்பது பொதுவாக உண்மை. கோழியைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போகும் வெள்ளைக் கழிச்சல் வாத்தை அவ்வளவாகச் சாய்க்காது. இந்தியாவில் 1920-களின் பிற்பகுதியில் ராணிக்கேத் என்ற மலையூரில் அடையாளம் கண்டதால் ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பனி முடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ஊரில் ஒரு வீட்டில் ஆரம்பித்தால் பத்து நாளில் தெருவே காலி. இதற்கு வைத்தியம் இல்லை, தடுப்பு மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. பிறகு வருடந்தோறும். நாட்டுக்கோழி வளர்த்து நொந்துபோனவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றைச் செய்யாதவர்கள். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது ஈரத்தால் வரும் ரத்தக் கழிச்சல். தரையை உலர்த்தி உடனே மருந்து கேளுங்கள்.

வாத்து வைப்பவர் வாத்துப் பிளேக், வாத்துக் காலரா இரண்டுக்கும் ஊசி போட வேண்டும். மருந்து சின்ன மருந்தகத்தில் கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டையும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்பார்கள். பகலில் ஒரே தோட்டத்தில் மேயலாம். இரவுக்கூடு தனித்தனி. வாத்துக்கூட்டின் ஈரம் கோழிக்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும். ஆண் வாத்து பெட்டைக்கோழியை மிதித்துக் காயப்படுத்துவதும் உண்டு.

வாங்கும் முன்

குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கருங்கோழிக்கும் வாத்துக்கும் அதே பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது.

முறையாகக் கற்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும், ஆத்தூர்ப் பக்கத்தவருக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் கிட்டம். சந்தையில் வாங்கிய கோழியை வீட்டுக் கோழியோடு அன்றே விடாதீர்கள். இரண்டு வாரம் தனியே கட்டிப் பாருங்கள். சந்தைக் கோழியோடு நோயும் சேர்ந்து வருவது வழக்கம்.

வாங்க நல்ல காலம் ஆடிக் கடைசி, ஆவணி. சித்திரை வெயிலில் வாங்கிய குஞ்சு கொட்டகைக்குள்ளேயே வாய் பிளந்து நிற்கும். ஒரு மாதம் வளர்ந்த சிறுவிடைக் குஞ்சாக எட்டு வாங்குங்கள். பல்புச் சூடு தேவைப்படாத வயது அது, முதல் இரண்டு சொட்டு மருந்தும் போட்டாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசி மழைக்குள் இறகு கட்டிவிடும். எட்டில் பாதி சேவலாக நிற்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பொங்கலுக்குள் குழம்பு வையுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். இரவுக்கு ஒரு கோழிக்கு இரண்டு சதுரடி, உட்காரக் கழி, கீரியும் மரநாயும் நுழையாத நெருக்கமான வலை, பாம்பு வராமல் தரையிலிருந்து இரண்டடி உயரம் இருந்தால் போதும். தை பிறக்கும்போது பெட்டைகள் கேற ஆரம்பித்திருக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாமை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்துகிறது. ஊருக்கு எந்த நாள் என்று மருந்தகத்தில் கேட்டு, விடிந்ததும் கூட்டைத் திறந்துவிடாமல், பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு போங்கள். ஊசிக்குக் காசு கிடையாது.